நிர்வாக சபையும் இரண்டாம் மாடிக் கக்கூசும்

என் மகள் படித்த உயர்தரப் பாடசாலையின் நிர்வாக சபைக்கு நான் தெரிவானது ஒரு கையெழுத்தால். வருகைப் பதிவு என்று நினைத்துத்தான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன்.

பாடசாலை இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. நாங்கள் சீசா என்ற பகுதியில் குடியிருந்தோம். பெற்றோர் கூட்டத்துக்கு நான் ஒரு வீட்டில் வேலை முடித்த கையோடு, குளோரின் மணக்கும் கைகளோடு போயிருந்தேன். பின்வரிசையில் இருந்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆசிரியை தாளோடு வந்தார். "இங்கே, சிஞ்ஞோரா, இங்கே" என்று, அம்மணி என்ற மரியாதையோடு, விரலால் காட்டினார். பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். இவ்வளவு சந்தோசமாக என் கையெழுத்தை வாங்கிக்கொண்ட ஆளை அந்த நாட்டில் அதுவரை நான் கண்டதில்லை.

சில நாட்கள் கழித்து மகள் புத்தகப் பையை நிலத்தில் போட்ட சத்தத்திலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

"அம்மா, நீங்கள் எலெக்சனிலையோ நிக்கிறியள்?"

"எந்த எலெக்சன்?"

"ஸ்கூல் எலெக்சன். பெற்றோர் பிரதிநிதி. வாசல்லை லிஸ்ட் ஒட்டியிருக்கு. நாலாவது பேர் உங்கடை."

"நான் வரவெல்லோ வைச்சனான்."

"கே வெர்கோஞா" என்றாள். வெட்கக்கேடு என்ற சொல்லை மட்டும் அவள் எப்போதும் இத்தாலியனில்தான் சொல்வாள்.

பெயரை எடுக்கச் சொல்லி அடுத்த நாளே பாடசாலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். விலகுவதென்றால் நிர்வாக சபைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், சபைதான் அதை ஏற்க வேண்டும் என்றார். சபை எங்கே என்று கேட்டேன். தேர்தல் முடிந்தபிறகுதான் சபை என்றார். ஆகவே விலகுவதற்காகவாவது நான் முதலில் வெல்ல வேண்டியிருந்தது. அது கஷ்டமாக இருக்கவில்லை. பெற்றோருக்கு நாலு இடம், போட்டியிட்டவர்கள் நாலு பேர்.

வென்றபிறகு எனக்கு விலக மனம் வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நகரத்து மேயரைத் தெரிவு செய்ய எனக்கு வாக்கு இல்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதற்குக் கொஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், வரிசையில் நின்று கால் வீங்கியவள் நான். இங்கே ஒரு பிள்ளையின் தாய் என்பதற்காக மட்டும் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அந்தக் கதிரையில் ஒரு தடவையாவது இருந்து பார்க்க வேண்டும் போல இருந்தது.

முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை பின்னேரம். நூலகத்து அறைக்குள் நுழைந்த நான் வாசலோடேயே நின்றுவிட்டேன். மேசையின் தலைமாட்டில் இருந்தவர், செவ்வாயும் வெள்ளியும் நான் எந்த மனிதரின் சேட்டுகளை அயன் பண்ணுகிறேனோ அதே சட்டத்தரணி. அவருடைய மகனும் அங்கேதான் படித்தான் என்பது எனக்குத் தெரியும். அவர் எங்கள் சபைக்குத் தலைவராகப் போகிறார் என்பது தெரியாது.

அவரும் என்னைக் கண்டு பதறி எழுந்தார். "என்ன, வீட்டில் ஏதாவது பிரச்சினையா? திறப்பைத் தொலைத்துவிட்டாயா?"

"இல்லை" என்றேன். "நான் உறுப்பினர்."

அவர் தன் முன்னால் இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். மூன்று வருடமாக அவருடைய வீட்டில் வேலை செய்துவந்தேன். என் முழுப்பெயரை அவர் அன்றுதான் வாசித்திருப்பார். "ஆ, தயவுசெய்து அமருங்கள், சிஞ்ஞோரா" என்றார். செவ்வாய்க்கிழமை 'நீ', புதன்கிழமை 'நீங்கள்'. வெள்ளிக்கிழமை மறுபடி 'நீ'. அவருடைய நாக்கு கிழமை பார்த்து நடந்துகொண்டது.

சபையில் பத்தொன்பது பேர். எட்டு ஆசிரியர்கள், நாலு மாணவர்கள், நாலு பெற்றோர், ஊழியர்கள் இருவர், அதிபர். அதிபர் மெலிந்த உயரமான பெண்மணி. கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு சட்ட இலக்கம் சொல்வார். ஊழியர்கள் சார்பில் வந்திருந்தவள், பாடசாலையைக் கூட்டித் துடைத்து மணியடிக்கும் பெண், போர்கோ வெக்கியோ என்ற பழைய ஏழைக் குடியிருப்புக்காரி. அவளுக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்ததால் நான் அதில் இருந்தேன். பிறகு அதுவே என் இடமாகிவிட்டது.

அந்தச் சபை எப்படி முடிவெடுத்தது என்று சொல்ல வேண்டும். முதலில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார்கள். ஒரு கணித ஆசிரியர் அதில் தான் 'கூறினார்' என்று எழுதப்பட்டிருப்பதை ஆட்சேபிப்பார். தான் கூறவில்லை, 'வலியுறுத்தினார்'. வலியுறுத்துவதற்கும் கூறுவதற்கும் இடையில் அரை மணித்தியாலம் போகும். பிறகு இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒற்றை வேலைநாளையும் விடுமுறையாக்குவதா என்ற விவாதம். எல்லோருக்கும் விருப்பம்தான். ஆனால் விருப்பம் என்று உடனே சொன்னால் சோம்பேறிகள் என்று நினைத்துவிடுவார்களாம். ஆகவே ஒவ்வொருவரும் கல்வியின் மேன்மையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு விடுமுறைக்குக் கை தூக்குவார்கள். அதன்பிறகு சுற்றுலா, சிற்றுண்டி மெஷினில் சொக்லேட் விற்கலாமா என்ற பிரச்சினை. சொக்லேட்டுக்கு எதிராக ஆவேசமாகப் பேசிய ஆசிரியை, பேச்சு முடிந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டதை நான் பார்த்தேன். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரிக்குப் பெயர் 'ஏனையவை'. எங்கள் வாய்ப்பேச்சில் சொன்னால் பலதும் பத்தும். அந்த வரி வரும்போது பாதிப் பேருக்கு மேலங்கியின் ஒரு கை போட்டாகியிருக்கும்.

என்னிடம் சொல்ல ஒரு விடயம் இருந்தது.

பாடசாலையின் இரண்டாம் மாடியில் இருந்த பெண்பிள்ளைகளின் கக்கூஸ் பூட்டிக் கிடந்தது. 'தற்காலிகமாகப் பாவனையில் இல்லை' என்று கதவில் ஒட்டியிருந்த தாள் மஞ்சளாகி ஓரம் சுருண்டுவிட்டதாம். மேல் மாடிப் பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பாடத்துக்குப் பிந்திப் போனால் ஏச்சு. ஆகவே என் மகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்: காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, அவளுக்கு மூத்திரத்தில் கிருமி வந்து காய்ச்சலில் கிடந்தபோதுதான். டொக்டர், "பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா?" என்று கேட்டபோது, நான்தான் ஏதோ குற்றம் செய்தவள்போல நின்றேன்.

முதல் கூட்டத்தின் 'ஏனையவை'யில் அதைச் சொன்னேன். மகளைக் கேட்டு இத்தாலியனில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். தலைவர் தலையை அழகாக ஆட்டி, "சிஞ்ஞோராவின் கருத்து குறித்துக்கொள்ளப்படுகிறது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே மகளுக்குப் போன் பண்ணி, "குறிச்சுக்கொண்டினம், பிள்ளை" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டபோது அது இப்படி வந்தது: 'ஓர் உறுப்பினர் சுகாதாரம் பற்றிச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொண்டார்.'

மறுபடி சொன்னேன். கட்டடம் பாடசாலைக்குச் சொந்தமில்லை, மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார் அதிபர். எழுதினீர்களா என்றேன். ஒரு சட்ட இலக்கம் சொன்னார். மூன்றாம் முறை, வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் தந்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி இலக்கம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நிகழ்ச்சி நிரலில் சேர்த்தும் விட்டார்கள், ஒன்பதாவது விடயமாக. சபை ஏழாவதைத் தாண்டியதே இல்லை. 'நேரம் போதாமையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.' இப்படியே ஒரு வருடம் போய் இரண்டாவது வருடமும் பாதி போனது. இடையில் சபை, நூலகச் சுவருக்கு வெண்ணெய் நிறமா யானைத்தந்த நிறமா என்று இரண்டு கூட்டம் பேசியது. பூசி முடித்தபிறகு பார்த்தேன். அது வெள்ளை.

செவ்வாய்க்கிழமைகளில் தலைவரின் சேட்டுகளை அயன் பண்ணும்போது, இதை வீட்டில் வைத்துச் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். ஒருநாள் அவர் கோப்பி குடிக்கக் குசினிக்கு வந்தபோது வாயைத் திறந்தேவிட்டேன். அவர் விரலை உயர்த்தினார். "இங்கே அந்த விடயங்கள் வேண்டாம். நான் வீட்டையும் பொறுப்பையும் கலப்பதில்லை. கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்."

ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு, பக்கத்துக் கதிரைக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் பேசுவது தடித்த பலெர்மோச் சிசிலியன். அதை எங்கள் பேச்சில் எழுதினால்தான் அந்த மாதிரியே வரும்.

"வா என்னோடை. வாயைத் திறக்காமல் வா."

இரண்டாம் மாடிக்கு ஏறினோம். இடுப்பில் தொங்கிய கோர்வையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே குழாயைத் திருகினாள், தண்ணீர் பாய்ந்தது. சங்கிலியை இழுத்தாள், வேலை செய்தது. ஓடு ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. ஆனால் நிலத்திலிருந்து கூரைவரை மட்டைப் பெட்டிகள். கழுவும் தொட்டிக்குள் பெட்டி, கக்கூஸ் மூடிமேல் பெட்டி.

"என்ன இது?"

"கடதாசி. களஞ்சிய அறைக்குள்ளை மழை ஒழுகினது. ரெண்டு கிழமைக்கு இஞ்சை வையெண்டு சொல்லிச்சினம். அப்ப என்ரை கடைசிப் பிள்ளை தவழ்ந்து திரிஞ்சது. இப்ப அவனுக்குத் தாடி முளைச்சிட்டுது."

மேலே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிர்வாக சபையின் கூட்ட அறிக்கைகள். கட்டுக்கட்டாக, நூல் போட்டுக் கட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பத்தோடு. ஒன்றைப் புரட்டினேன். யாரோ ஒரு தாய், எனக்குப் பல வருடங்களுக்கு முந்தியவள், இரண்டாம் மாடிக் கக்கூஸைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். 'கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தது. குறித்ததைக் கொண்டுவந்து அவள் திறக்கச் சொன்ன கக்கூசுக்குள்ளேயே அடைத்திருக்கிறார்கள்.

"நீ ஏன் சபையிலை ஒண்டும் சொல்லேல்லை?" என்றேன்.

"ஆர் என்னட்டைக் கேட்டது? திறப்பை வைச்சிரு எண்டவை. வைச்சிருக்கிறன்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உன்னைப்போலை ரெண்டு மூண்டு தாய்மார் வந்து கத்திப்போட்டுப் போனவை. பிள்ளையின்ரை படிப்பு முடிய அவையும் போயிடுவினம். நீயும் போயிடுவாய் எண்டுதான் நினைச்சனான்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. படித்த மனிதர்கள் என்று ஒன்றரை வருடமாகப் பயந்து பயந்து, தாளில் எழுதி வைத்து வாசித்திருக்கிறேன்.

அதற்கடுத்த கூட்டம் இளவேனில் காலத்தில். புதிதாகப் பூசிய நூலகத்துக்குக் கல்வெட்டு வைப்பதுதான் அன்றைய முக்கிய விடயம். தலைவர் தானே வாசகத்தை எழுதி வந்திருந்தார். அதில் அவருடைய பெயர் இரண்டு இடத்தில் வந்தது. அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் திறந்து வைக்க வருகிறார். கல் வெட்டுபவர் காத்திருக்கிறார். அன்றே முடிவெடுத்தாக வேண்டும். ஆனால் அன்று பின்னேரம் உதைபந்தாட்டப் போட்டி. ஊரில் பாதிப்பேருக்குத் தடிமன் காய்ச்சல் வேறு. செயலாளராக இருந்த ஆசிரியை தலைகளை எண்ணினார்.

"பத்துப் பேர். கோரம் சரியாக இருக்கிறது" என்றார். பத்துக்கு ஒன்று குறைந்தால் கூட்டம் செல்லாது.

கூட்டம் தொடங்கிக் கணித ஆசிரியர் வலியுறுத்திக்கொண்டிருந்தபோது நேரத்தைப் பார்த்தேன். நாலரைக்கு எனக்கு வேலை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சத்தியமாக அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை.

"எங்கே போகிறீர்கள், சிஞ்ஞோரா?" என்றார் தலைவர். குரல் உச்சத்துக்குப் போயிருந்தது.

"வேலைக்கு."

"இது பொறுப்பான பதவி. எந்த வேலையானாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்தானே?"

"உங்கள் வீட்டு வேலை" என்றேன். "இன்றைக்கு விருந்தாளிகள். உங்கள் சிஞ்ஞோரா என்னை நாலரைக்கு வரச் சொன்னவர்."

மாணவப் பிரதிநிதிகள் இருவர் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். தலைவரின் காது சிவந்தது.

"இன்று நீங்கள் பிந்திப் போகலாம்."

"சிஞ்ஞோராவுக்கு யார் சொல்வது?"

ஆசிரியர்கள் தங்கள் முன்னால் இருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். தலைவரின் மனைவியான அந்த அம்மாவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் போலிருந்தது. தலைவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் அந்த அம்மாவின் குரல் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. தலைவரின் குரல்தான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கழுத்துப்பட்டி நனைந்திருந்தது. "எல்லாம் சரி. அமருங்கள்" என்றார்.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது: ஒன்றரை வருடமாக நான் பேசியது எதுவும் அந்த அறையில் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் எழுந்து நின்றதும் ஒன்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நிற்கிறேன். ஆனால் ஒன்பதாவது விடயத்தை முதலில் எடுங்கள்."

"நிகழ்ச்சி நிரலின் ஒழுங்கை மாற்ற முடியாது" என்றார் அதிபர், ஒரு இலக்கத்தோடு.

"வாக்கெடுத்தால் மாற்றலாம்" என்றார் செயலாளர் ஆசிரியை, தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே. அவருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கும். வாக்கெடுத்தார்கள். பத்துக் கையும் உயர்ந்தன.

"அந்தக் கக்கூஸ் பழுதில்லை" என்றேன். தாள் இல்லாமல், எனக்குத் தெரிந்த இத்தாலியனில். "தண்ணீர் வருகிறது. உள்ளே இருப்பது உங்கள் கடதாசிப் பெட்டிகள். நான் பார்த்தேன்."

"யார் திறந்து காட்டியது?" என்று அதிபர் கேட்டார்.

பக்கத்துக் கதிரைக்காரி, அத்தனை கூட்டங்களிலும் முதல் தடவையாக, கையை உயர்த்தினாள். "நான்தான். திறப்பு என்னட்டைத்தானே இருக்கு."

பெட்டிகளை எங்கே வைப்பது என்று உடனே கவலைப்பட்டார்கள். ஒரு மாணவி, தலைவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய அலுமாரிகளைக் காட்டி, அவை காலிதானே என்றாள். திறந்து பார்த்தார்கள். ஒரு வெற்றிக் கிண்ணமும் யாரோ மறந்துவிட்டுப் போன குடையும் இருந்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பிறகு கல்வெட்டில் 'தலைமையில்' என்ற சொல் பெயருக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்று பேசத் தொடங்கினார்கள். ஒன்றரை மணித்தியாலம் நான் கதிரையை விட்டு அசையவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே.

இரண்டு நாளில் கக்கூஸ் திறந்தது. எனக்கு அதை முதலில் சொன்னது மகள்தான். பாடசாலையிலிருந்து வந்தவள் நேராகக் குசினிக்குள் வந்து பானையைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாரும் என்ன சொல்லினம் தெரியுமோ? 'இல் பாஞ்ஞோ தி துவா மத்ரெ'யாம். உன்ரை அம்மான்ரை பாத்ரூம்."

"வெட்கமா இருக்கே?"

"ஓம்" என்றாள் சோற்றைப் போட்டுக்கொண்டே. "ஆனா சுத்தமா இருக்கு."

அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்கள். 'தலைவரின் முன்மொழிவின் பேரில் இரண்டாம் மாடி மலசலகூடத்தை மீளத் திறக்கத் தீர்மானிக்கப்பட்டது.' நான் கையை உயர்த்தினேன். தலைவர் புன்னகைத்தார், அதெல்லாம் வழக்கமான வாசகம், வடிவம் மட்டும்தான் என்றார். வடிவம்தான் என்றால் மாற்றுவதில் கஷ்டமில்லையே என்றேன். கணித ஆசிரியரைப் பார்த்து, "கூறினேன் என்று எழுத வேண்டாம். வலியுறுத்தினேன் என்று எழுதுங்கள்" என்றேன். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை, ஆதரித்தார். ஆதரவாக அவரும் நானும் பக்கத்துக் கதிரைக்காரியும் மாணவர்களும். மற்றவர்கள் வாக்களிக்கவில்லை. எதிராக ஒருவருமில்லை. எதிர்ப்பதற்கும் கையைத் தூக்க வேண்டியிருந்ததே.

அந்த வெள்ளிக்கிழமை சட்டத்தரணி வீட்டுக்குப் பயந்துகொண்டுதான் போனேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்த சிஞ்ஞோரா என்னை உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தி, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கணவர் நடைபாதையில் நின்று கெஞ்சிய இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்ல வைத்தார். அதன்பிறகு அந்த மனிதர் நான் வரும் நாட்களில் வீட்டில் இருப்பதில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மகளின் இறுதிப் பரீட்சை முடிந்ததோடு என் பதவியும் முடிந்தது. அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்வந்த கணவர், சேட்டைக் கழற்றியபடி சொன்னார்:

"கோயில் கமிட்டிக்குப் பொம்பிளையள் பக்கத்தாலையும் ஒராள் வேணுமாம். உமக்கு அனுபவம் இருக்குத்தானே. உம்மடை பேரைக் குடுக்கட்டே?"

"குடுங்கோ" என்றேன். "ஆனா போன முறை நீங்கள் என்ன முடிவெடுத்தனீங்கள் எண்ட அறிக்கையை முதல் கொண்டுவந்து காட்டுங்கோ. வாசிச்சுப்போட்டு வாறன்."

அவர் விசிறியைப் போட்டுவிட்டுச் சாய்ந்து படுத்துக்கொண்டார். என் பெயரைக் கொடுக்கவில்லை.